சபைப் புத்தகத்தில் வைனி பெயர்

"கல்யாணமா? யாருக்குடி கல்யாணம்? எப்ப நடந்துச்சு?"

ப்ரூயிட் அம்மாளின் குரல் சமையற்கட்டைத் தாண்டி, கோழிக்கூண்டைத் தாண்டி, தெருமுனையில் லாடம் அடித்துக்கொண்டிருந்தவன் காதுவரை போயிற்று. அவன் சுத்தியலை நிறுத்திக்கொண்டான். நல்ல சண்டைக்கு மரியாதை செய்யத் தெரிந்த ஊர் ஹேசல்ஃபோர்ட்.

"உங்க முன்னறையிலதாம்மா நடந்துச்சு. கேக்கு நீங்கதான் சுட்டீங்க. வால்நட் போட்டு" என்றாள் வைனி.

"கேக்கு சுட்டா கல்யாணமா? எங்க நாய் குட்டி போட்டப்பக்கூடத்தான் நான் பால் காய்ச்சி வெச்சேன்!"

"நாய்க்குப் போதகர் வந்து வேதம் படிக்கலையேம்மா."

"வாய் நீளுதுடி உனக்கு. நாலு வருஷமா இந்த ஊர்ல எல்லாருக்கும் வாய் நீளுது. சொன்னா சொன்னதுதான். மஹாலா வெள்ளிக்கிழமை காலையில லூயிவில் வண்டி ஏறுவா. என் மூத்தவ அடலைனுக்குக் கைக்குழந்தை. தூக்கி வெச்சுக்க ஆள் வேணும்."

"என் பொண்ணு எங்கயும் போகமாட்டா. சட்டம் வந்திருக்கும்மா. கோர்ட்டு வாசல்ல ஆணி அடிச்சு ஒட்டியிருக்கு. சிப்பாயோட பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாரும் விடுதலைன்னு."

"பொண்டாட்டிக்குத்தானே?" ப்ரூயிட் அம்மாள் மாவுக் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டாள். குரல் சட்டென்று இறங்கிவிட்டது. இறங்கின குரல்தான் அந்தம்மாளிடம் ஆபத்தானது. "நீ யார் பொண்டாட்டி வைனி? காகிதம் இருக்கா? காட்டு."

காகிதம் எங்கே இருக்கும்? அடிமைகளின் கல்யாணத்துக்கு கென்டக்கியில் காகிதம் கிடையாது. குதிரை வாங்கினால் உண்டு. வைனியை வாங்கினதற்கே ப்ரூயிட் அம்மாளின் பெட்டிக்குள் ஒன்று இருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். எங்கள் மாநிலம் மதில்மேல் பூனை. ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்றில் தெற்கே இருந்தவர்கள் அடிமைகளை விடமாட்டோம் என்று கலகம் செய்து பிரிந்தபோது நாங்கள் பிரியவில்லை. வடக்கோடு ஒட்டிக்கொண்டோம், அடிமைகளையும் விடவில்லை. இரண்டு வருடம் கழித்து ஜனாதிபதி விடுதலைப் பிரகடனம் போட்டார். கலகக்கார மாநிலத்து அடிமைக்கு விடுதலை. விசுவாசமாக இருந்த மாநிலத்து அடிமைக்கு, எஜமானின் விசுவாசத்துக்குப் பரிசாக, அதே பழைய நுகம். இதைக் கேட்டு எங்கள் ஊர் எஜமானர்கள் அன்றைக்கு மட்டும் இரண்டு தரம் ஜெபம் செய்தார்கள்.

ஜெபம் என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் பாப்டிஸ்ட் சபையில் போதகர் வார்டர் ஞாயிறுதோறும், "ஆண்டவரே, எங்கள் தலைவரை ஆசீர்வதியும், அவர் யாரென்று உமக்குத் தெரியும்" என்று ஜெபிப்பார். இடப்பக்கத்து வரிசைக்காரர்கள் வடக்கின் தலைவரை நினைத்து ஆமென் சொல்வார்கள், வலப்பக்கத்தார் தெற்கின் தலைவரை. மாடியில் உட்கார்ந்திருந்த கறுப்பு ஜனம் யாரையும் நினைத்துச் சொல்லவில்லை என்று கீழே இருந்தவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

வைனியின் புருஷன் ஐஷம் பக்கத்துச் சணல் தோட்டத்து ட்ரிக் என்பவருடைய ஆள். சனிக்கிழமை சாயங்காலம் அனுமதிச் சீட்டோடு வருவான், திங்கட்கிழமை விடியலில் போவான். பன்னிரண்டு வருடம் இப்படித்தான் குடும்பம் நடந்தது. போன ஜூன் மாதம் கறுப்பர்களைப் படையில் சேர்க்கிறார்கள் என்ற செய்தி வந்ததும் சணல் அடிக்கும் கட்டையை வயலிலேயே போட்டுவிட்டு ஆற்றங்கரை முகாமுக்கு நடந்துவிட்டான். சீருடை போட்ட அன்றே அவன் விடுதலை. பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பரில் வைனி பொறுக்கமாட்டாமல் மஹாலாவையும் மூன்று வயது ஜேபஸையும் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போனாள். அங்கே அவளைப் போல நானூறு பேர் குடிசை போட்டிருந்தார்கள். ஒரு நாள் காலை, தண்ணீர்த் தொட்டி உறைந்து கிடந்த குளிரில், முகாமில் குடும்பங்களுக்கு இடமில்லை என்று சிப்பாய்களே வந்து எல்லாரையும் வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுவந்து கொட்டிவிட்டு, குடிசைகளைக் கொளுத்தினார்கள். ஐஷம் அன்றைக்குத் துப்பாக்கியும் கையுமாக வேறொரு பாலத்தில் காவல் நின்றான். ஜேபஸ் மூன்றாம் நாள் வழியில் ஒரு வைக்கோல் கொட்டகையில் செத்துப்போனான். வைனி பெண்ணைக் கூட்டிக்கொண்டு எங்கே போவாள்? ப்ரூயிட் அம்மாளின் பின்வாசலுக்கே வந்து நின்றாள். அம்மாள் உள்ளே விட்டாள். சூடாக சோள ரொட்டியும் கொடுத்தாள். இந்த நாலு மாதமாக அந்த ரொட்டியைப் பற்றி ஊரில் சொல்லாத வீடு பாக்கியில்லை.

அதனால்தான், "முகாமுக்கே ஓடிப்போயேன்" என்று சொன்னவர்கள் பேச்சை வைனி கேட்கவில்லை. கையில் காகிதம் இல்லாமல் இன்னொரு பிள்ளையை அந்த ரோட்டில் கூட்டிப்போக அவளால் ஆகாது. வியாழக்கிழமை தோறும் ஒரு ராணுவ அதிகாரி கோர்ட்டுக்கு வந்து உட்காருவார். கல்யாணம் நடந்ததற்கு வெள்ளைக்காரர் ஒருவர் சாட்சி சொன்னால், அல்லது எழுத்தில் ஏதாவது இருந்தால், அவர் விடுதலைச் சீட்டு எழுதித் தருவார். கறுப்பர் சாட்சி எஜமானிக்கு எதிராகச் செல்லாது. வியாழனுக்கு மூன்று நாள் இருந்தது. வெள்ளிக்கு நாலு.

செவ்வாய்க்கிழமை முழுக்க வைனி துவைத்த துணி கொடுக்கிற சாக்கில் வீடு வீடாகப் போனாள்.

"உன் கல்யாணமா? அந்தக் கேக்கு! அடடா, அந்த மாதிரி வால்நட் கேக்கு அப்புறம் நான் தின்னதே இல்ல" என்றாள் டாக்டர் பெண்சாதி.

"அப்ப கல்யாணத்தைப் பாத்தீங்கதானே அம்மா?"

"கேக்கு ஞாபகம் இருக்கு. வேற என்ன நடந்துச்சுன்னு... எனக்கு அன்னிக்குத் தலைவலி."

நீதிபதி வீட்டம்மாளுக்கு அந்தக் கேக்கில் எத்தனை முட்டை என்பதுகூட நினைவிருந்தது. அவளுடைய தங்கைக்கு மேலே தூவின சர்க்கரை நினைவிருந்தது. ஏழு வீட்டில் கேட்டாள். ஏழு வீட்டிலும் கேக்கின் ருசி அப்படியே நாக்கில் இருந்தது. கல்யாணம் மட்டும் எவருக்கும் நினைவில்லை.

கடைசியாகப் போதகர் வார்டர். அவர் பொய் சொல்லமாட்டார் என்று பேர். உண்மையிலேயே பொய் சொல்லவில்லை.

"நடத்தி வெச்சேன் மகளே. நான்தான் நடத்தி வெச்சேன். ஆனா என்ன வார்த்தை சொல்லி நடத்தி வெச்சேன்னு யோசிச்சுப் பாரு. 'மரணமாவது தூரமாவது உங்களைப் பிரிக்கும்வரை.' உங்க ஜனத்துக்கு நாங்க அப்படித்தான் சொல்றது. எஜமான் யாரையாவது வித்துட்டா பாவம் உங்க தலையில வந்துடக்கூடாதுல்ல? இப்ப ஐஷம் முகாம்ல இருக்கான். பதினேழு மைல். தூரம் பிரிச்சிருச்சு. அப்படின்னா..." போதகர் கையை விரித்தார். துக்கமாகத்தான் விரித்தார்.

"பதினேழு மைல் ஒரு தூரமாங்க ஐயா? நீங்க அதைவிட தூரம் மீன் பிடிக்கப் போறீங்க."

சாயங்காலம் துணி துவைக்கும் ஓடைக்கரையில் ஜூடா அத்தையிடம் இதையெல்லாம் சொன்னாள். ஜூடா அத்தை யாருக்கும் அத்தை இல்லை, எல்லாருக்கும் அத்தை. பைப்பில் புகையிலையை அழுத்திக்கொண்டே கேட்டாள்.

"வெள்ளைக்காரங்களுக்கு வயித்துல ஞாபகம் இருக்கும்டி, வாயில இருக்காது. சரி, எழுத்துல எங்கயுமே இல்லையா? நம்ம பேரை அவங்க எழுதி வெக்கிறதே ரெண்டு இடத்துலதான். ஒண்ணு விக்கும்போது. இன்னொண்ணு நாம தப்பு பண்ணும்போது."

வைனி பிழிந்துகொண்டிருந்த துணியை அப்படியே ஓடையில் விட்டுவிட்டாள்.

"அத்தை! சட்டி!"

"என்ன சட்டி?"

"நான் ஐஷமைச் சட்டியால அடிச்சேன்ல. ஆறு வருஷம் முன்னால. சபையில நிக்க வெச்சாங்களே!"

ஜூடா அத்தைக்கு நினைவு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து இருமல் பிடித்துக்கொண்டது. எங்கள் சபையில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ஒழுங்குக் கூட்டம். யார் குடித்தான், யார் ஆடினாள், யார் அண்டை வீட்டானைத் திட்டினான் என்று ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சொல்லலாம். மாடியில் இருப்பவர்கள் மேலும் சொல்லலாம். அதில் மட்டும் கறுப்பு வெள்ளை பேதம் பார்க்கிற வழக்கமில்லை. எல்லாம் புத்தகத்தில் ஏறும். வைனி புருஷனை அடித்தாள் என்று அன்று எழுந்து நின்று குற்றம் சொன்னது வேறு யாருமில்லை, ப்ரூயிட் அம்மாளேதான். பெண்டாட்டி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதில் அம்மாளுக்கு அவ்வளவு பக்தி. தன் புருஷன் செத்த பிறகு இன்னும் கூடிவிட்டது.

புதன்கிழமை காலை வைனி சேணக் கடைக்குப் போனாள். சபையின் எழுத்தர் அப்சலோம் பீக் அங்கே தோல் தைத்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகாத மனிதர், ஐம்பத்தெட்டு வயது. வடக்குப் படைக்கும் சேணம் தைத்தார், ராத்தங்கிப் போன தெற்குக் குதிரைப் படைக்கும் தைத்தார். குதிரைக்கு அரசியல் கிடையாது என்பார். முப்பத்தோரு வருடமாக சபைப் புத்தகம் அவர் கையில். ஒரு எழுத்து அடித்தல் திருத்தல் இருக்காது. மனிதருக்கு உலகத்தில் இருந்த ஒரே கர்வம் அதுதான்.

"என் பேரு அதுல இருக்குல்லங்க ஐயா?"

பீக் ஊசியைக் கீழே வைத்தார். புத்தகத்தை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையில்லை. எந்தப் பக்கம் என்றுகூட அவருக்குத் தெரியும்.

"இருக்கு."

"நாளைக்கு அதிகாரி முன்னால படிச்சுக் காட்டுவீங்களா?"

"வைனி, இங்க பாரு. நான் யார் பக்கமும் இல்ல. இந்தச் சண்டை ஆரம்பிச்ச நாள்லேருந்து நான் யார் பக்கமும் இல்ல. ப்ரூயிட் அம்மா சபைக்கு அடுப்பு வாங்கிக் குடுத்தவங்க."

"பக்கம் வரச் சொல்லலைங்க. அவர் கேட்டா, இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உங்க கையெழுத்தை நீங்களே பொய்யாக்க வேணாம்னுதான் கேக்குறேன்."

அது சரியான இடத்தில் தைத்தது. பீக் வெகுநேரம் தோலைத் தடவிக்கொண்டிருந்தார். "கேட்டா படிப்பேன்" என்றார் கடைசியில். வைனி அவர் கையைத் தொட்டாள், உடனே எடுத்துக்கொண்டாள். வெளியே வந்து நடந்தபோது நவம்பருக்குப் பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து நடந்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அப்சலோம் பீக் கெட்டவர் இல்லை. அதுதான் வருத்தம். கெட்டவராக இருந்திருந்தால் கடையிலேயே உட்கார்ந்து மீதி சேணத்தைத் தைத்திருப்பார். நியாயஸ்தராக இருந்ததால் மத்தியானம் கடையை அடைத்துவிட்டு ப்ரூயிட் அம்மாள் வீட்டுக்குப் போனார். ஒரு பக்கம் கேட்டதை மறுபக்கமும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? ஒளிவு மறைவு கூடாதே. நாலு வருடமாக அவர் அப்படித்தான் இருந்தார். வடக்குத் தளபதி சேணத்துக்கு விலை கேட்டால் தெற்குத் தளபதிக்கும் அதே விலையைத்தான் சொல்லுவார்.

"அம்மா, நாளைக்கு வைனி புத்தகத்தைக் கேக்கப் போறா. நான் படிக்கவேண்டி வரும். முன்னாடியே சொல்லிடறதுதான் மரியாதைன்னு வந்தேன்."

"ரொம்ப நன்றி, சகோதரர் பீக்" என்றாள் ப்ரூயிட் அம்மாள். மோர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுப் போனார்.

வைனி அப்போது ஓடைக்கரையில் இருந்தாள். அன்றைக்கு அம்மாள் வழக்கத்தைவிட இரண்டு மூட்டை அதிகமாகத் துணி கொடுத்தனுப்பியிருந்தாள். வெயில் சாய்ந்து அவள் திரும்பி வந்தபோது சமையற்கட்டில் யாரும் இல்லை. மஹாலாவின் தொப்பி மாட்டியிருந்த ஆணி காலியாக இருந்தது.

"வண்டி ரெண்டு நாள் முன்னாடியே வந்துருச்சு" என்றாள் அம்மாள் முன்னறையிலிருந்து, தலை தூக்காமல். "அழலை. நல்ல பொண்ணு."

வைனி ரோட்டில் ஓடினாள். சுங்கச்சாவடி வரை மூன்று மைல் ஓடினாள். சாவடிக்காரன், "உன் பொண்ணா? வண்டி போய் மூணு மணி நேரமாச்சே" என்றான். அவனுக்குப் பாவமாக இருந்தது, தண்ணீர் கொடுத்தான். அனுமதிச் சீட்டு இல்லாததால் திருப்பியும் அனுப்பினான்.

வியாழக்கிழமை கோர்ட்டில் நிற்க இடமில்லை. கேக் தின்ற ஏழு வீட்டுக்காரர்களும் முன் வரிசை. அதிகாரி மிச்சிகன் பக்கத்து மனிதர். வயது குறைவு, மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. ப்ரூயிட் அம்மாள் கறுப்புப் பட்டில் வந்திருந்தாள். போதகர் பக்கத்தில்.

"இவங்களுக்குக் கல்யாணம்னு ஒண்ணு நடக்கவே இல்ல" என்றாள் அம்மாள். "எங்க வீட்டு ஆளு, நாங்க பாத்துக்கறோம். நாங்க எப்பவும் விசுவாசமான குடும்பம், கேப்டன். யாரை வேணா கேளுங்க."

"எழுத்துல ஏதாவது?" என்று அதிகாரி வைனியைக் கேட்டார். வைனி பீக்கைப் பார்த்தாள். பீக் எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டி, தம்முடைய புத்தகத்தைத் திறந்து படித்தார். குரல் நடுங்கவே இல்லை.

"சகோதரி ப்ரூயிட் எழுந்து, தமக்குச் சொந்தமான கறுப்புச் சகோதரி வைனி என்பவள், கர்த்தருடைய நாளில் தன் புருஷனாகிய ஐஷமை இரும்புச் சட்டியால் தலையில் அடித்தாள் என்று குற்றம் சாட்டினார். மனைவிகளே, உங்கள் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற வசனம் வாசிக்கப்பட்டது. மேற்படி வைனி மூன்று மாதம் சபையிலிருந்து விலக்கப்பட்டாள்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"புருஷன் இல்லைன்னா மூணு மாசம் எதுக்கும்மா விலக்கி வெச்சீங்க?"

"அது... ஒரு பேச்சுக்குச் சொன்னது" என்றாள் ப்ரூயிட் அம்மாள். எங்கள் ஊரில் அவளுக்கு வார்த்தைப் பஞ்சம் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

அதிகாரி எழுத ஆரம்பித்தார். வைனி, ஐஷமின் மனைவி. மஹாலா, அவர்கள் மகள். எழுதிக்கொண்டே, விளையாட்டாகத்தான், "ஆமா, எதுக்கு அடிச்ச?" என்று கேட்டார்.

சபையில் அன்றைக்கு யாரும் இதைக் கேட்கவில்லை. அடித்தாளா என்றுதான் கேட்டார்கள். வைனி சீட்டுக்குக் கையை நீட்டினாள். ஜூடா அத்தைக்கு மட்டும் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஐஷம் வந்து, ஒஹையோ ஆறு உறைந்து கிடக்கிறது, மஹாலாவைத் தோளில் தூக்கிக்கொள்கிறேன், இன்றைக்கே கிளம்பினால் நாலு நாளில் அக்கரை, அங்கே அடிமை கிடையாது என்றான். வைனிக்கு நாய்கள் பயம், பனி உடையுமோ என்று பயம். மாட்டேன் என்றாள். அவன் தனியாகவாவது போவேன் என்று எழுந்தான். அப்போதுதான் அடித்தாள். அவன் மயங்கி விழுந்தான், எழுந்தான், போகவில்லை. தலையில் கட்டோடு திங்கட்கிழமை சணல் வயலுக்கு நடந்தான்.

"பொண்ணு எங்க?" என்றார் அதிகாரி, சீட்டை நீட்டிக்கொண்டே.

பீக் புத்தகத்தை மூடினார், மறுபடி திறந்தார், எதையோ தேடுகிறவர் போல. அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"நேத்து அனுப்பிட்டாங்க" என்றாள் வைனி. பிறகு பீக்கின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொன்னீங்களா ஐயா?"

"ரெண்டு பேருக்கும் தெரியணும்னுதான்..." என்றார் பீக்.

அவள் சீட்டை மடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் அவர் தேறியிருப்பார்.

அதிகாரி நல்லவர். லூயிவில்லுக்குத் தந்தி அடித்தார். பதில் வருவதற்குள் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். வைனி சீட்டை ரவிக்கைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு நடந்தாள். இரண்டு இடத்தில் பிடித்து வைத்தார்கள், சீட்டைப் படிக்கத் தெரிந்த ஆள் வரும்வரை. ஒன்பதாம் நாள் லூயிவில்லில் அடலைன் வீட்டுக் கதவைத் தட்டினாள். வேறு யாரோ திறந்தார்கள். அடலைனின் புருஷன் படைகளுக்கு மாவு விற்கிறவன். சண்டை முடியப்போகிறது, இனி வியாபாரம் தெற்கேதான் என்று குடும்பத்தோடு கப்பலேறிவிட்டான். எந்த ஊர்? தெரியாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு கறுப்புப் பெண் போனாளா? போனாள்.

சண்டை முடிந்தது. வருடக் கடைசியில் எங்கள் மாநிலத்திலும் எல்லாருக்கும் விடுதலை வந்தது. கேட்காமலே, நாட்டிலேயே கடைசியாக. ஐஷமின் படையை டெக்சாஸுக்கு அனுப்பியிருந்தார்கள். பல்லெல்லாம் ஆடிப்போய், ஆள் பாதியாக, அறுபத்தேழில் திரும்பி வந்தான். புதுச் சட்டப்படி அவனும் வைனியும் கோர்ட்டில் போய்க் கல்யாணத்தைப் பதிந்தார்கள். குமாஸ்தா, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டதற்கு ஐஷம் இரண்டு என்றான். உயிரோடு? வைனிதான் பதில் சொன்னாள்: "ஒண்ணு. எங்கன்னு எழுதாதீங்க, தெரியாது."

போதகர் வார்டர் மிசூரிக்குப் போய்விட்டார். ப்ரூயிட் அம்மாள் வீட்டை விற்றுவிட்டு இளைய மகளோடு போய் இருக்கிறாள். அங்கே அவளே சமைக்கிறாளாம். அப்சலோம் பீக் அறுபதாவது வயதில் டாக்டரின் விதவைத் தங்கையைக் கட்டிக்கொண்டார். சபைப் புத்தகத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டார், கை நடுங்குகிறது என்று.

மஹாலாவைப் பற்றி வைனி கறுப்பர்களின் பத்திரிகைகளில் ஆறு வருடம் விளம்பரம் போட்டாள். எழுபத்தொன்றில் மெம்பிஸிலிருந்து கடிதம் வந்தது. யாரோ எழுதிக்கொடுத்த கடிதம். மஹாலா படகுத்துறையில் மூட்டை தூக்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டிருந்தாள், ஒரு பெண் குழந்தை. அம்மாதான் தன்னைக் கொடுத்துவிட்டாள் என்று வண்டியில் ஏற்றும்போது சொன்னார்களாம். பதினோரு வயதில் அதை நம்பினவள், பதினேழு வயதில் நம்பாமல் இருப்பது எப்படி என்று அந்தக் கடிதத்தில் கேட்டிருந்தாள்.

வைனியும் ஐஷமும் அடுத்த வசந்தத்தில் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு மெம்பிஸுக்குக் குடிபோனார்கள். மகள் வீட்டிலா இருக்கிறார்கள் என்று அங்கே போய்வந்த ஜூடா அத்தையைக் கேட்டோம். இல்லையாம். இரண்டு தெரு தள்ளி. ஞாயிற்றுக்கிழமை பேத்தியை மட்டும் மஹாலா அனுப்பி வைப்பாளாம்.